மருந்தில்லாத களிம்பு

முறையீட்டாளர் எங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை, எனவே அவர் நுகர்வோர் அல்ல. அவருக்கு நாங்கள் செய்தது சிகிச்சையும் அல்ல, ஆராய்ச்சி. எதிர் தரப்பு தாக்கல் செய்த பதிலுரையின் சாரம் இதுதான். அதைப் படித்து முடித்ததுமே இந்த வழக்கை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆராய்ச்சி என்ற சொல்லை என் கட்சிக்காரர் முதன்முதலாகக் கேட்டதே அந்தப் பதிலுரையை நான் படித்துக் காட்டியபோதுதான்.

அவர் குழித்தறி நெசவாளர். ஐம்பதைத் தாண்டியவர், பல வருடச் சர்க்கரைநோய். தறிக்குழிக்குள் காலை விட்டு மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு பிரியும், நாடா ஓடும். கையைவிடக் கால் முக்கியமான தொழில் அது. பாதத்தில் வந்த புண் ஆறாமல் போகவே, ஊருக்குப் பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரைப் புண்ணுக்கான புதிய களிம்பு ஒன்றைச் சோதிக்கும் ஆய்வு அங்கே நடந்துகொண்டிருந்தது. செலவு ஒரு மருந்துக் கம்பெனியுடையது. அதில் இவரையும் சேர்த்தார்கள். சில மாதங்களில் புண் எலும்புவரை இறங்கி, கடைசியில் அரசு மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

டாக்டர்மேல் அவருக்குக் கோபமே இல்லை. "நல்ல மனுசன்தான் வக்கீலம்மா. புது மருந்து வந்திருக்கு, காசு வேணாம், கட்டிப் பாப்போமான்னாரு. சரிங்கய்யான்னேன். வைத்தியம்னுதானே நெனச்சேன்?" என்றார். மகள்தான் கொதித்துப் போயிருந்தார். "வேலூருக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தக்குழாய் டாக்டர்கிட்ட காட்டலாம்னு மாமா எவ்வளவோ சொன்னாரு மேடம். புது மருந்து போட்டுக்கிட்டிருக்காங்க, நடுவுல விடக்கூடாதுன்னு அப்பாதான் போகல." அந்தப் பெண் சொன்ன இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு கனமானது என்பது பின்னால்தான் முழுதாகத் தெரிந்தது.

2009-ல் நுகர்வோர் மன்றத்தில் முறையீடு செய்தோம். பணம் கொடுக்காதவர் நுகர்வோர் ஆவாரா என்ற கேள்வி எங்களுக்குப் பெரிய தடையாக இருக்கவில்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் இதைத் தெளிவாக்கியிருந்தது. எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் செய்யும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் அந்த இலவச நோயாளியும் நுகர்வோரே. இந்த மருத்துவமனை கட்டணம் வாங்கும் மருத்துவமனை.

சம்மதப் படிவம்தான் வழக்கின் உயிர். மருந்து விதிகளின் அட்டவணை ஒய், 2005-ல் திருத்தப்பட்ட வடிவத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவரை ஆய்வில் சேர்க்கும்போது பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்றது. எங்கள் படிவத்தில் கைநாட்டு இருந்தது, சாட்சிக் கையெழுத்தும் இருந்தது. பல பக்கத் தகவல் தாள், ஒவ்வொரு பக்கத்திலும் பெருவிரல் ரேகை. பார்வைக்குக் குறையே இல்லை. மன்றத்தின் உத்தரவு பெற்று கேஸ் ஷீட்டின் நகலை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாட்சிக் கையெழுத்தும், கேஸ் ஷீட்டில் தினமும் புண்ணின் நிலையைக் குறித்து வைத்திருந்த கையெழுத்தும் ஒன்று. அதே யூனிட்டில் படித்துக்கொண்டிருந்த பிஜி மாணவர் அவர். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர்தான் ஆய்வின் முதன்மை ஆய்வாளர். பட்டம் கிடைப்பது யார் கையில் இருக்கிறதோ அவர் நீட்டிய தாளில், "விளக்கம் போதவில்லை சார், நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்க முடியுமா? எழுத்துமூலம் கேள்விகள் அனுப்பினேன். அவர் அனுப்பிய பதில்கள் நேர்மையானவை. விளக்கம் எவ்வளவு நேரம் நடந்தது என்ற கேள்விக்கு, முழு நேரமும் தான் அங்கே இல்லை என்று எழுதியிருந்தார். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது மருத்துவக் கல்லூரியை அறிந்தவர்களுக்குத் தெரியும். அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அடுத்து வந்ததுதான் வழக்கையே புரட்டிப்போட்டது. ஆய்வில் இரண்டு குழுக்கள். ஒன்றுக்கு மருந்து கலந்த களிம்பு; மற்றதற்கு அதே நிறம், அதே டியூப், உள்ளே மருந்து கிடையாது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அந்த ரகசியக் குறியீட்டை எதிர் தரப்பே பிரித்து மன்றத்தில் கொடுத்தது. என் கட்சிக்காரருக்குக் கிடைத்தது மருந்தில்லாத களிம்பு. "எங்கள் மருந்து அவர் உடம்பில் படவே இல்லை. படாத மருந்து எப்படிக் காலைக் கெடுக்கும்?" என்றார் எதிர் தரப்பின் மூத்த வழக்கறிஞர்.

மருந்து காலைக் கெடுத்தது என்ற எங்கள் வாதம் அதோடு விழுந்தது. இரண்டு குழுவுக்கும் புண்ணைச் சுத்தம் செய்தார்கள், இன்சுலின் போட்டார்கள், ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் வேலூருக்குப் போகாமல் இருந்தது எதற்காக? தன் காலில் புது மருந்து இருக்கிறது என்று நம்பியதற்காக. வெறும் களிம்பும் கிடைக்கலாம் என்று ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், போவதா இருப்பதா என்பதை அவர் முடிவு செய்திருப்பார். அந்த முடிவைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கட்டுப் போடும்போது வைத்தியம், வழக்கு வந்தபோது ஆராய்ச்சி என்று இரண்டு விதமாகப் பேச முடியாது என்று வாதிட்டேன். நோயின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லாமல் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்பதற்கு 2008-ல் வந்த சமீரா கோலி தீர்ப்பு கைகொடுத்தது.

மூத்த வழக்கறிஞர் கடைசியாக ஒரு நியாயமான கேள்வியை எழுப்பினார். இப்படி வழக்குப் போட்டால் நாட்டில் ஆய்வு எப்படி நடக்கும்? சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் மையத்தை நினைவூட்டினார். காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் படுக்க வைத்துக் கொடுத்தாலும் ஏறத்தாழ ஒரே பலன்தான் என்று, 193 நோயாளிகளை வைத்து நடந்த அந்த ஆய்வு 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியமே அதனால் மாறியது. அந்த ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் சென்னையின் ஏழைகள். அதில் எனக்கும் பெருமை உண்டு என்றேன். ஆனால் அங்கே இரு குழுவுக்கும் ஒரே மருந்துகள், ஐசோநயசிட்டும் பாஸும், ஒரு வருடம். வித்தியாசம் படுக்கை எங்கே என்பதில் மட்டும். என் கட்சிக்காரருக்குத் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது மட்டுமல்ல, பக்கங்கள் இருக்கின்றன என்பதே தெரியாது.

கால் போனதற்கு மருத்துவமனை காரணம் என்று மன்றம் சொல்லவில்லை. சம்மதம் சட்டப்படி பெறப்படவில்லை, அது சேவைக் குறைபாடு என்று தீர்ப்பளித்தது. கேட்டதில் பாதிக்கும் குறைவான தொகைதான் கிடைத்தது. மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போயிற்று; அங்கேயும் அது நின்றது.

பிறகு சட்டம் வேகமாக நகர்ந்தது. இந்தூரின் ஸ்வஸ்திய அதிகார் மஞ்ச் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2013 ஜனவரியில் இழப்பீட்டு விதி வந்தது. ஆய்வால் நேர்ந்த பாதிப்பு எவை என்று அது அடுக்கியதில், மருந்தில்லாத போலிமருந்தைக் கொடுத்ததால் வரும் பாதிப்பும் ஒன்று. அதைப் படித்த அன்று அந்த நெசவாளரை நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடமே அதைச் சுருக்கினார்கள்: வழக்கமான வைத்தியம் இருந்தும் கொடுக்காமல் விட்டால்தான் இழப்பீடு. அந்தச் சுருக்கத்தை நான் ஏற்கவில்லை. வழக்கமான வைத்தியம் கிடைத்தும், சிறந்த வைத்தியத்தைத் தேடிப் போகாமல் நம்பிக்கையால் கட்டுண்டு கிடக்கும் நோயாளிக்கு அதில் இடமில்லை.

2019-ல் வந்த மருந்து ஆய்வு விதிகள்படி, ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், பாதிப்பேர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும், சட்டம் தெரிந்தவர் ஒருவரும் வேண்டும். அப்படி ஒரு குழுவில் இப்போது நான் இருக்கிறேன். ஆய்வுத் திட்டம் வந்தால், சாட்சியாக யார் கையெழுத்துப் போடப் போகிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். அந்த யூனிட்டின் மாணவரோ நர்ஸோ என்றால் ஒப்புக்கொள்வதில்லை. மருத்துவமனையின் சமூகப் பணியாளரையோ வேறு வார்டு நோயாளியோடு வந்த உறவினரையோ அழைக்கச் சொல்கிறோம். போலிமருந்து உள்ள ஆய்வென்றால், அது தங்களுக்குக் கிடைக்கலாம் என்பதையும், வெளியே போய் வேறு வைத்தியம் பார்க்க எப்போது வேண்டுமானாலும் உரிமை உண்டு என்பதையும் தகவல் தாளின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறோம். ஆள் சேர்வது குறையும் என்று ஆய்வாளர்கள் வருந்துவதுண்டு. குறையட்டும் என்றுதான் நான் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறேன்.