த்ரீ நாட் த்ரீயும் என் இடது காதும்

ஒரு நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி அங்கிருந்தே ஏதோ சத்தம் போட்டாள். "கால் வீங்குது பாருங்க" என்று எனக்குக் கேட்டது. "எந்தக் காலு?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனேன். அவள் சொன்னது "பால் பொங்குது பாருங்க". அரை லிட்டர் பாலும் அடுப்பு மேலே. அன்றைக்குக் காலையில் வரக்காப்பிதான்.

இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் இன்றும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அப்போது எனக்குக் காதில் குறை என்று யார் சொன்னாலும் கோபம் வரும். "நீ வாய்க்குள்ளயே முணகினா எப்படிக் கேக்கும்?" என்பேன். "ஏனுங்க, ஊர்ல எல்லாருக்கும் கேக்குது, உங்களுக்கு மட்டும் நான் முணகறனா?" என்பாள். டிவி சத்தத்தை நான் கூட்டுவதும் அவள் குறைப்பதுமாகப் பத்து வருசம் ஓடியது.

அதற்கு ஒரு முடிவு வந்தது, சிரிக்கிற மாதிரி அல்ல. ஒரு மழை நாளில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. எழுந்திருக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் முன்னறையில்தான் இருந்தேன், இருபது அடி கூட இருக்காது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, ஓடி வந்து என் தோளைத் தொட்டபோதுதான் எனக்குத் தெரியும். கட்டுப் போட்டுக்கொண்டு வரும் வழியில் ஆட்டோவில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சுங்க."

அடுத்த வாரம் நானே காது டாக்டரிடம் போனேன்.

அடைத்த சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். "கீ" என்று சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் எனக்கே குழப்பமாகிவிட்டது. கேட்பது மெஷினின் "கீ"யா, என் காதுக்குள் எப்போதும் இருக்கிற "கீ"யா? ஆமாம், அதுவும் உண்டு எனக்கு. ராத்திரி படுத்தால் சில்வண்டு கத்துகிற மாதிரி இருக்கும். வெளியே மழைப்பூச்சி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கோடையிலும் கத்தியபோதுதான் சந்தேகம் வந்தது.

டாக்டர் அந்த வரைபடத்தைப் பார்த்தார். கோடு ஓரளவு நேராக வந்து, 4000 என்று எழுதிய இடத்தில் கிணற்றுக்குள் விழுகிற மாதிரி இறங்கியிருந்தது. இடது காதில் இன்னும் ஆழம். என்னிடம் தொழில் எதுவும் விசாரிக்காமலே, "நீங்க போலீஸுங்களா, மிலிட்டரியாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கைரேகை பார்க்கிறவன் கூட இவ்வளவு சரியாகச் சொல்ல மாட்டான்.

நான் சீருடையில் இருந்தவன். 1971-ல் சேர்ந்தேன், 2008-ல் ஓய்வு பெற்றேன். எந்தப் பிரிவு, எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் நிலைமை ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

முதன்முதலாகச் சுட்டது த்ரீ நாட் த்ரீ. மலையடிவாரத்து ரேஞ்சில் வரிசையாகக் குப்புறப் படுக்க வைத்தார்கள். எனக்கு இரண்டு பக்கமும் ஆள். கட்டையைத் தோளில் அழுத்திப் பிடி, மூச்சை நிறுத்து, விசையை மெல்ல இழு என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். காதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் குண்டு வெடிப்பதற்குள் பக்கத்து ஆளின் குண்டு வெடித்தது. தலைக்குள் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது. சாயங்காலம் பாரக்ஸில் எல்லாரும் சத்தமாகப் பேசிக்கொண்டோம். ஒவ்வொருவன் காதிலும் கோயில் மணி. "நாளைக்குச் சரியாயிடும்" என்றார் ஹவில்தார். மறுநாள் சரியாகித்தான் போனது. அதுதான் மோசம். சரியாகாமல் இருந்திருந்தால் அன்றைக்கே பயந்திருப்போம்.

எங்கள் செட்டில் ஒருவன் மட்டும் பஞ்சைக் கிழித்து இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு வந்தான். அவனை நாங்கள் செய்த கேலி கொஞ்சமல்ல. "என்ன மாப்ள, காதுகுத்தா?" என்று கேட்டவன் நான்தான். அடுத்த தடவை அவன் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பஞ்சால் பெரிய பயன் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். வெறும் பஞ்சு சத்தத்தைக் கொஞ்சம்தான் தடுக்குமாம். இருந்தாலும் காதைக் காக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது அல்லவா? எங்களுக்குத் தோன்றவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும் என்று ஒரு வைத்தியமும் எங்களிடம் உண்டு. அது யார் சொன்னதோ.

பிற்பாடு நான் ரேஞ்ச் பார்ட்டியில் பல வருசம் இருந்தேன். சுடுகிறவனுக்கு அன்றைய குண்டுகள் மட்டும்தான் கணக்கு. பின்னால் நிற்கிற எனக்கு எல்லாருடைய குண்டும் கணக்கு. சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களை எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் டார்ச் அடித்துப் புல்லுக்குள் தேடுவோம். ஒரு பித்தளைக் கூட்டுக்கு இருந்த கணக்கு எங்கள் காதுக்கு இல்லை.

சத்தத்தின் கணக்கை டாக்டர் எனக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நாம் சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60 டெசிபல். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்தால் அதுவே எல்லை. அதற்கு மேல் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டு மணி, 100 என்றால் கால் மணி நேரம். நாம் நினைக்கிற மாதிரி இது அடுக்கடுக்காக ஏறுகிற கணக்கு அல்ல. பத்து ஏறினால் சத்தத்தின் பலம் பத்து மடங்கு. இருபது ஏறினால் நூறு மடங்கு. ரைபிள் சுடுகிறவன் காதுக்குப் பக்கத்தில் 150-லிருந்து 165 வரை போகும். 140-ஐத் தாண்டினால் மணிக்கணக்கு எதுவும் கிடையாது. ஒரே ஒரு வெடி போதும்.

நம் காதுக்குள் கடவுள் ஒரு காவல் வைத்திருக்கிறார். பெரிய சத்தம் வந்தால் ஒரு சின்னத் தசை இறுகி, உள்ளே இருக்கிற குட்டி எலும்பைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது இறுகுவதற்குள் துப்பாக்கிச் சத்தம் வந்து போயிருக்கும். வெடியின் உச்சம் கண்ணிமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு கூட இருக்காது. காவல்காரன் பூட்டு எடுப்பதற்குள் திருடன் தெருக்கோடி தாண்டிவிடுகிறான். உள்ளே நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருளில் பதினாறாயிரம் மயிரிழைச் செல்கள்தான் நமக்கு இருக்கின்றன. தலைமுடி போனால் கூட மருந்து விற்கிறார்கள். இந்த இழைகள் போனால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது.

முதலில் சாவது உயர்ந்த சத்தத்தைக் கேட்கிற இழைகள். அதனால்தான் எனக்கு லாரி ஹாரன் கேட்கும், பேத்தியின் பேச்சு கேட்காது. அ, ஆ, ஓ எல்லாம் காதில் விழும். ப, க, த, ச தப்பிப் போகும். பால் காலானது அப்படித்தான். கேட்கவில்லை என்று யாராவது கத்தினால் அதுவும் வலிக்கும். "மெதுவாச் சொன்னா கேக்கலைங்கறீங்க, சத்தமாச் சொன்னா ஏன் கத்தறேங்கறீங்க" என்று மனைவி அலுத்துக்கொள்வதும் நியாயம்தான். சேதமான காதுக்குச் சின்னச் சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவே இருக்கிற இடம் சுருங்கிப்போகிறதாம்.

இடது காது ஏன் அதிகம் கெட்டது என்றும் கேட்டேன். நான் வலது தோளில் வைத்துச் சுடுகிறவன். அப்போது தலை வலது பக்கம் சாய்ந்திருக்கும், இடது காது குழல் வாயைப் பார்த்தபடி இருக்கும். வலது காதுக்குத் தலையே மறைப்பு. இந்தக் கணக்கைத்தான் டாக்டர் வரைபடத்தில் படித்திருக்கிறார்.

இதில் எனக்கு மனசில் நின்ற கதை ஹிராம் மாக்சிமுடையது. 1884-ல் மாக்சிம் மெஷின் கன்னை உருவாக்கியவர். தான் செய்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துப் பார்த்தே அவருக்குக் காது செவிடாகிப் போனது. அவர் மகன் ஹிராம் பெர்சி மாக்சிம் என்ன செய்தார் தெரியுமா? துப்பாக்கிக்கு சைலன்சர் கண்டுபிடித்து 1909-ல் காப்புரிமை வாங்கினார். அப்பாவின் காதுக்காகச் செய்தாரா என்பது வேறு விசயம். சினிமாவில் சைலன்சர் மாட்டினால் "புஸ்" என்று சைக்கிள் டயரில் காற்றுப் போகிற மாதிரி வரும். அது கதை. 20, 30 டெசிபல் குறைக்கும், அவ்வளவுதான். 160-ல் 30 போனாலும் 130 பாக்கி இருக்கிறது.

துப்பாக்கி பிடிக்காதவர்கள் இதை ஏன் படிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். என் மைத்துனர் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். தறிக்குடோனுக்குள் அவர்கள் பேசுவதே உதட்டைப் பார்த்துத்தான். இன்று அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் ஊரே கேட்கும். தீபாவளிப் பட்டாசுக்கும் நம் நாட்டில் விதி இருக்கிறது. வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல், உச்சக் கணக்கில் 145-க்கு மேல் போகக் கூடாது. நாலு மீட்டர் என்பதைக் கவனியுங்கள். நம் பையன்கள் அணுகுண்டைப் பற்றவைத்துவிட்டு எத்தனை அடி ஓடுகிறார்கள்? மாரியம்மன் நோம்பிக்கு அதிர்வேட்டுப் போடும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் நானே போய்க் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறேன். பெரியவருக்கு வேறு வேலை இல்லை என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இன்னொன்று. வெடிச் சத்தத்துக்குப் பிறகு காது அடைத்தே இருந்தாலோ, இரைச்சல் மறுநாளும் நிற்காவிட்டாலோ, எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே காது டாக்டரிடம் போங்கள். அதற்கு மருந்து பலிப்பது முதல் சில நாட்களில்தான். நாங்கள் பல வருசம் விட்டுவிட்டோம்.

எனக்கு இப்போது இரண்டு காதிலும் மெஷின். கண்ணாடி போட்டால் பார்வை தெளிவாகிற மாதிரி இது ஆகாது. மின்விசிறி, மிக்சி, தட்டில் விழுகிற கரண்டி எல்லாமே சேர்ந்து பெரிசாகக் கேட்கும். முதல் மாதம் கழற்றி எறிந்துவிடலாமா என்றிருந்தது. மனைவி கட்டுப் போட்ட கையோடு எதிரே நின்றதால் எறியவில்லை. இப்போது பழகிவிட்டது. கொல்லையிலிருந்து அவள் கூப்பிட்டால் கேட்கிறது.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது என் மகள் வயிற்றுப் பேத்தி. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் வந்தவள், "அப்பிச்சி, கேம்ப்ல ஃபயரிங் இருக்குது" என்று குதித்தாள். அவர்கள் சுடுவது பாயின்ட் டூ டூ ரைபிள். த்ரீ நாட் த்ரீக்கு முன்னால் அது பூனைக்குட்டி. ஆனால் அந்தப் பூனைக்குட்டியே 140-ஐத் தொடும். நான் மருந்துக் கடைக்குப் போய் நுரை அடைப்பான் நாலு ஜோடி வாங்கி வந்தேன். இரண்டு டீ, வடைக்கு ஆகிற காசுதான்.

"சும்மா காது வாயில வெச்சா ஆகாது சாமி" என்று உட்கார வைத்துக் காட்டினேன். முதலில் விரலுக்கு நடுவே உருட்டி ஊதுவத்தி மாதிரி மெலிசாக்க வேண்டும். எதிர்க் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வழி நேராகும். நுழைத்துவிட்டு முப்பது எண்ணும் வரை விரலை எடுக்கக் கூடாது. அதற்குள் நுரை உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும். தன் குரல் தனக்கே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய துப்பாக்கி என்றால் இதற்கு மேலே ஹெட்போன் மாதிரி இருக்கிற காதுமூடியும் வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கம்பி இடுக்கில் சத்தம் நுழையும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று தடவை செய்ய வைத்தேன். "எல்லாரும் சிரிப்பாங்க அப்பிச்சி" என்றாள்.

"சிரிக்கட்டும். நானும் ஒருத்தனைப் பார்த்துச் சிரிச்சவன்தான்" என்றேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கேம்ப்பிலிருந்து போன் செய்தாள். போனில் எனக்கு மெஷின் வைத்தும் சரியாகப் புரிவதில்லை. ஐந்து குண்டு என்றாள், வட்டம் என்றாள், நடுவே சிரித்தாள், பக்கத்தில் வேறு பெண்களும் சிரித்தார்கள். மிச்சத்தை, போனை வைத்த பிறகு மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாலு ஜோடியும் தீர்ந்துவிட்டதாம். கூட இருக்கிற பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். அடுத்த தடவை ஒரு டப்பாவாக வாங்கி வைக்கச் சொன்னாளாம்.