கிரீம்ஸ் ரோட்டில் ஒரு பிரஷர் நோட்டு

சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், கிரீம்ஸ் ரோட்டை ஒட்டிய தெருக்களுக்குள் நடந்தால் திடீரென கொல்கத்தா வந்துவிட்டதோ என்று தோன்றும். லாட்ஜ், மெஸ், பணம் மாற்றும் கடை என எங்கு பார்த்தாலும் வங்காள எழுத்து போர்டுகள். 1983-ல் 150 படுக்கைகளோடு அப்போலோ மருத்துவமனை தொடங்கப்பட்ட இடம் இது. இன்று வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள் மாதக்கணக்கில் தங்கும் பேட்டையும் இதுதான்.

டீக்கடையில் குல்னாவைச் சேர்ந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இருவருக்கும் அரைகுறை இந்தி. அண்ணனின் சிகிச்சைக்காக வந்திருக்கிறார். ஒருநாள் அண்ணனுக்கு முதுகில் துணியைக் கிழிப்பதுபோல் வலி. 'கேஸ்' என்று நினைத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சி.டி. ஸ்கேனில்தான் பெருந்தமனி கிழிந்திருப்பது தெரிந்ததாம்.

இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச் செல்லும் பெருந்தமனியின் சுவருக்கு மூன்று அடுக்குகள். உள் அடுக்கு கிழிந்தால் ரத்தம் இடையில் புகுந்து சுவரையே பிளக்கும். இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதியில் கிழிந்தால், முதல் இரண்டு நாள்களில் ஒவ்வொரு மணி நேரமும் உயிர் போகும் அபாயம் 1 முதல் 2 சதவிகிதம் கூடும். அவர்களுக்கு விசா, விமானம் எல்லாம் கிடையாது. பக்கத்திலேயே அவசர அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும்.

இவருடைய அண்ணனுக்குக் கிழிந்தது கீழிறங்கும் பகுதியில். மருந்தால் பிரஷரைக் குறைத்துத் தாக்குப்பிடிக்க முடிந்திருக்கிறது. இப்போது அந்த இடம் வீங்குவதால் உள்ளே ஸ்டென்ட் வைக்க வேண்டும். 2024 ஆகஸ்ட்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு இந்திய விசா கிடைப்பது அரிதாகியிருந்தது. மருத்துவ விசாவுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

"அதுவரை வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. குழந்தைகள்கூட" என்றார்.

கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. காலை, மாலை என அண்ணனின் பிரஷர் அளவுகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கடைசிப் பக்கத்தில் மட்டும் வேறு பெயர்.

"இது என்னுடையது. 'கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றார் டாக்டர். பார்த்தால், 160."

இந்த நோய்க்கு முக்கியக் காரணமே கட்டுப்பாட்டில் இல்லாத உயர் ரத்த அழுத்தம்தான். வாழ்க்கையில் அன்றுதான் முதன்முறையாகப் பிரஷர் பார்த்தாராம், அவர்.

மறுநாள் காலை அண்ணனுக்கு சிகிச்சை. டீக்குக் காசு கொடுக்கப்போனேன், விடவில்லை. நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு லாட்ஜ் பக்கம் வேகமாக நடந்தார். மாலை அளவு எடுக்கும் நேரமாம்.