கொரிந்தில் ஒரு பந்தி வஞ்சனை

(கிரேக்கப் பயணக் கட்டுரை: மூன்றாம் பகுதி)

புதிய ஏற்பாடு எனப்படும் கிறிஸ்தவ மறைநூல் தொகுதியில் உள்ள 27 நூல்களுள் 13, பவுல் என்னும் ஒரே மனிதரின் பெயரைத் தாங்கிய கடிதங்களாகும். அவற்றுள் 7 அவரே எழுதியவை என்பதில் ஆய்வாளரிடையே ஏறத்தாழ ஒருமித்த கருத்து நிலவுகிறது. அச்சிட்ட வேதாகமத்தில் நான்கு நற்செய்தி நூல்களே முன்னே நின்றாலும், காலத்தால் முந்தியவை இந்தக் கடிதங்கள்தாம். இறையியல் கல்லூரிகளில் கோட்பாட்டு நூல்களாக விரித்துரைக்கப்படும் அவை, ஊரூராக அலைந்த ஒரு போதகர் சோற்றுச் சண்டைக்கும் பணத் தகராறுக்கும் நீதிமன்ற வழக்குக்கும் எழுதி அனுப்பிய பதில்கள் என்பது, கொரிந்துக்கே சென்று பார்க்கும் பயணிக்குத்தான் நன்றாக உறைக்கிறது.

ஏதென்ஸிலிருந்து வரும் வழியில் குறிப்பிடத்தக்கது, நீரோ மன்னன் தொடங்கிக் கைவிட்டு, பின்னர் 1893இல் வெட்டி முடிக்கப்பட்ட கால்வாய் ஒன்றே. இன்றைய கொரிந்து நகரம் 1858ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு கடலோரமாகப் புதிதாக அமைக்கப்பட்டதாகையால், பவுலின் கொரிந்தைக் காண விரும்புவோர் வாடகைக் காரில் பழைய ஊருக்குச் செல்ல நேர்கிறது. மீட்டர் பழுது என்று சைகையால் காட்டிய ஓட்டுநர் வழக்கமான கட்டணத்தைப் போல இருமடங்கு வாங்கிக்கொண்டார். சென்னை ஆட்டோக்களில் பழகியவர்களுக்கு இந்தக் கலை புதிதன்று. வாதாட மொழி இல்லாததே குறை.

ரோமர்கள் கி.மு. 146இல் தரைமட்டமாக்கிய இந்நகரை, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் குடியேற்ற நகராக மீண்டும் நிறுவினார். விடுதலை பெற்ற அடிமைகள் பலர் இங்கே குடியேறி, இருபுறத் துறைமுகங்களின் வணிகத்தால் செல்வர்களாயினர். பவுல் இங்கே ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியருடன் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே ஒன்றரை ஆண்டு தங்கினார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் நூல் கூறுகிறது. யூதர்கள் அவரை ஆளுநர் கல்லியோன் முன் நிறுத்திய நியாயாசனம் இதுவே என்று சந்தைவெளியில் ஒரு கல்மேடையைக் காட்டுகின்றனர். தெல்பியில் கிடைத்த கல்வெட்டால் கல்லியோனின் பதவிக்காலம் ஏறத்தாழ கி.பி. 51–52 எனத் துணியப்படுகிறது. பவுலின் வாழ்க்கைக்கு ஆண்டுக்கணக்கு அமைக்க முயலும் எவரும் இதிலிருந்தே தொடங்குகின்றனர். அப்பல்லோ கோயிலின் எஞ்சிய 7 தூண்களைப் பற்றி எல்லா வழிகாட்டி நூல்களும் எழுதிவிட்டன. அங்குள்ள கழிப்பறையைப் பற்றி எவரும் எழுதவில்லை என்பதும் நியாயமே.

உண்மையான கொரிந்து, இடிபாடுகளுக்கு எதிரே திராட்சைப் பந்தல் போட்டிருந்த உணவு விடுதியில்தான் தென்பட்டது. ஒவ்வொரு விருந்தினருக்கும் மேசைமேல் புதிய தாள் விரிக்கும் நல்ல வழக்கம் அங்கே இருந்ததால், தூய்மை பற்றிக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் முன்பணம் கட்டி வந்த சுற்றுலாப் பேருந்துக் குழு ஒன்று நுழைந்ததும், முன்னமே காத்திருந்தோரின் மேசைகள் மறக்கப்பட்டன. ஆட்டிறைச்சியும் மதுக் குடங்களும் அந்த நீண்ட மேசைக்கே சென்றன. மற்றவர்களுக்குக் கிடைத்தது கேளாமலேயே வைக்கப்பட்டு, பின்னர் விலைச்சீட்டில் ஏறிய ரொட்டி. இறைச்சி தீர்ந்துவிட்டது என்று பரிமாறுபவர் அறிவித்தபோது அக்குழுவினர் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டிருந்தனர். பக்கத்து மேசையிலிருந்த உள்ளூர் முதியவர், இந்தப் பந்தி வஞ்சனையைக் கண்டு உரத்த குரலில் விடுதிக்காரரை ஏசிவிட்டு, தம் தட்டிலிருந்த ஒலிவக் காய்களையும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியையும் அயலூர்ப் பயணியின் பக்கம் தள்ளினார். ஏச்சின் பொருள் விளங்கவில்லை. அதற்குப் பிறகு பீன்ஸ் குழம்பு விரைவாக வந்தது.

பவுல் எபேசுவிலிருந்து கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தின் பதினோராம் அதிகாரம் கண்டிப்பதும் இதே குற்றத்தைத்தான். அக்காலத்தில் தேவாலயக் கட்டடங்கள் இல்லாமையால் சபையார் வசதி படைத்தவர் வீடுகளில் கூடினர். ரோமானிய வீட்டின் உணவறையில் மூன்று சாய்மஞ்சங்களில் வழக்கமாக ஒன்பது பேரே சாய்ந்து உண்ண முடியும். வேலை முடித்துத் தாமதமாக வந்த ஏழைகளும் அடிமைகளும் முற்றத்தில் பசியோடு நிற்க, உள்ளே முந்திக்கொண்டவர்கள் வயிறு நிறைய உண்டு குடித்திருந்தனர் என்று ஆய்வாளர் பலர் இந்த அதிகாரத்தை விளக்குகின்றனர். அவர்களைக் கண்டிக்கும் போதுதான் இயேசுவின் கடைசி இராப்போஜனத்தைப் பவுல் நினைவூட்டுகிறார். அந்த விருந்தைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு அதுவே. கொரிந்துச் செல்வர்கள் சற்றுப் பொறுத்திருந்து உண்டிருந்தால், இன்று உலகெங்கும் திருவிருந்து ஆராதனையில் வாசிக்கப்படும் அப்பகுதி எழுதப்படாமலே போயிருக்கக்கூடும்.

சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்பதும் அதே கடிதத்தில் நீளமாகப் பேசப்படுகிறது. கோயில் கொடைச் சோற்றை வாங்கலாமா என்று தென்தமிழகக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்றும் எழும் கேள்விதான் அது. சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் உண்ணுங்கள், ஆனால் உடன் இருப்பவரின் மனச்சாட்சி புண்படுமானால் விட்டுவிடுங்கள் என்பது பவுலின் தீர்ப்பு. தத்துவத்தைவிட மரியாதையை முன்வைக்கும் அந்த நடைமுறை அறிவு, அவரைக் கடுகடுத்த போதகராக மட்டும் சித்திரிப்போர் கவனிக்கத் தக்கது.

இவ்வாறு அவசரத்தில் எழுந்த மடல்கள் மறைநூலானது படிப்படியாக நிகழ்ந்தது. சபைகள் அவற்றைப் படியெடுத்துத் தம்முள் பரிமாறிக்கொண்டன. பேதுருவின் பெயரிலுள்ள இரண்டாம் கடிதம் அவற்றை ஏனைய வேத எழுத்துகளோடு சேர்த்துப் பேசும் அதே இடத்தில், அவற்றில் விளங்கக் கடினமானவை சில உண்டு என்றும் ஒப்புக்கொள்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் ஒரு நற்செய்தியையும் பவுலின் 10 கடிதங்களையும் மட்டுமே ஏற்றுப் புனித நூல் பட்டியல் அமைத்தது, எந்நூல்களை ஏற்பது என்ற கேள்வியை மற்றவர்கள் எதிர்கொள்ளத் தூண்டியது. ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் பாப்பிரஸ் சுவடி ஒன்று, பவுலின் கடிதங்களை ஒரே தொகுப்பாகக் கொண்டுள்ளது. பாப்பிரஸ் என்பது நாணல் வகைத் தாவரத்தின் தண்டிலிருந்து செய்யப்பட்ட எழுதுதாள். அச்சுவடியின் ஏடுகள் இன்று டப்ளினிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் பிரிந்து கிடக்கின்றன.

கொரிந்தின் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயாவில் பார்ப்பதற்கு மிகுதியாக இல்லை: கரையோரம் நீரில் பாதி அமிழ்ந்த சுவர்கள், வெயில், ஒரு மூடிய கடை. கொரிந்திலிருந்து பவுல் சொல்லச் சொல்லத் தெர்தியு என்பவர் எழுதிய ரோமர் கடிதத்தை இவ்வூர்ச் சபையைச் சேர்ந்த பெபேயாள் என்னும் பெண் ரோமுக்கு எடுத்துச் சென்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பெரும்பாலோர் கருதுகின்றனர். எபேசுவும் ரோமும் வரும் பகுதிகளில் சுருக்கமாகவே இடம்பெறும். பளிங்குத் தூண்களைத் தொடர்ந்து பார்த்ததில் கண்கள் களைத்துவிட்டன, அவ்விரு நகரங்களிலும் சாப்பாட்டில் சொல்லும்படி எதுவும் நிகழவில்லை.