காரணம் கேட்போர்க்கு விடை

"இறையியல் எல்லாம் உங்களுக்கு, சாமி, செபமாலை எங்களுக்கு" என்று நம் பங்கின் பெரியவர் ஒருவர் சொல்வதுண்டு. செபமாலைமீது அவர் கொண்ட பற்றை மெச்சுகிறோம். ஆயினும் அந்தப் பாகப்பிரிவினையை நாம் ஏற்பதற்கில்லை. நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர் எவர்க்கும் விடையளிக்க ஆயத்தமாயிருக்குமாறு புனித பேதுரு தம் முதல் திருமடலில் பணித்தது குருக்களை மட்டுமன்று. சிதறி வாழ்ந்த விசுவாசிகள் அனைவரையும், அவர்களுள் இருந்த மனைவியரை, கணவரை, வேலையாட்களை எண்ணியே அவர் எழுதினார். விடையைப் பணிவோடும் மரியாதையோடும் கூற வேண்டும் என்பதையும் உடனே சேர்த்தார். இந்தப் பின்பாதியைத்தான் வாதத்தில் வல்லவர் பலர் மறந்துவிடுகின்றனர்.

சென்ற தவக்காலத்தில் தாயார் ஒருவர் கல்லூரியில் பயிலும் தம் மகனை நம்மிடம் அழைத்து வந்தார். தங்கை காய்ச்சலில் இறந்தது முதல் அவ்விளைஞர் கோயில் வாசலை மிதிக்கவில்லை. "இவனுக்குப் புத்தி சொல்லுங்கள், சாமி" என்றார் தாயார். இளைஞரோ, "கடவுள் நல்லவரானால் இத்தனை தீமை ஏன்? உலகம் நடைபெற இயற்கையே போதுமே, கடவுள் எதற்கு?" என்று கேட்டார். தாயார் பதறி அவர் கையைப் பிடித்து அடக்க முயன்றார்.

நாம் எழுந்து, புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதிய இறையியல் தொகுப்பின் முதல் பாகத்தை எடுத்து வந்தோம். இறைவன் உண்டு என்பதற்கு அவர் காட்டிய ஐந்து வழிகளைப் பலரும் அறிவர். அவ்வழிகளைக் கூறுமுன் அவரே எழுதிவைத்த இரண்டு மறுப்புகளை அறிந்தவர் சிலரே. அவ்விளைஞர் கேட்டவை அவ்விரண்டேதாம்! 750 ஆண்டுகளுக்கு முன் ஒரு புனிதர் தம் வினாவை அஞ்சாது எழுதிவைத்துள்ளார் என்பதைக் கண்டதும், அவர் அப்பக்கத்தை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார்.

தீமையிலிருந்தும் நன்மையை விளைவிக்க வல்லவர் இறைவன் என்பது அங்கே தரப்படும் விடை. புனித அகுஸ்தினாரிடமிருந்து பெறப்பட்டது. அது மெய்யே. ஆனால் கல்லறை மண் காயாத வீட்டில் முதல் நாளே அதை ஓதுவது கொடுமை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அமர்ந்திருந்தவரையில் நன்றாகத்தான் நடந்துகொண்டனர்! ஆகவே அன்று அவ்விடையைப் பற்றி நாம் விரித்துரைக்கவில்லை. தங்கையைப் பற்றித்தான் வெகுநேரம் கேட்டோம்.

தத்துவ போதகர் என அழைக்கப்பெற்ற இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1606-இல் மதுரைக்கு வந்தார். யாருக்குப் போதிக்க விரும்பினாரோ, அவர்கள் நடுவிலேயே மாணாக்கராய் அமர்ந்து தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். பிறர் கேள்வியை அவர் பொருள்கொள்ளும் வண்ணமே அறிந்துகொள்ளாதவன் தரும் விடை, எவரும் கேளாத கேள்விக்கு உரியதாகிவிடும்.

இக்கல்வியின் பயன் பிறர்க்கு மட்டுமன்று. மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். 325-இல் நீசேயாப் பொதுச்சங்கம் வரையறுத்த அவ்வுண்மைக்காகப் போராடிய புனித அத்தனாசியார் ஐந்து முறை தம் ஆயர் பீடத்தினின்றும் நாடு கடத்தப்பட்டார். அவ்வரலாற்றைக் கற்றபின், அவ்வரியை விரைந்து சொல்லிக் கடக்க நமக்கு நா எழுவதில்லை.

எங்கே தொடங்குவது எனக் குடும்பத்தினர் கேட்கின்றனர். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2,865 எண்கள் உள்ளன. இரவு செபத்திற்குப்பின் நாளொன்றுக்கு 8 எண்கள் படித்தால் ஓராண்டுக்குள் முடித்துவிடலாம். நம் பங்கில் புதன்தோறும் மாலை சிலர் கூடி, இன்னும் மெதுவாகவே படித்து வருகிறோம். வரும் புதனன்று 309-ஆம் எண். தீமை ஏன் என்னும் வினா அங்கேதான் எழுகிறது. அவ்விளைஞர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். திருப்பலிக்கு அவர் இன்னும் வரவில்லை.