எத்தனை பேர் ஆடினால் பெரும் ஆட்டம்?

பிஜிஎம்ஐ என்ற கைப்பேசி விளையாட்டின் எராங்கல் தீவில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 100 பேர் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். அந்தத் தீவு எட்டுக் கிலோமீட்டர் நீளம், எட்டுக் கிலோமீட்டர் அகலம். நீல வட்டம் சுருங்கச் சுருங்க ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தி, அரை மணி நேரத்தில் ஒரே ஒரு அணி மிஞ்சும். இதற்கு முன்னோடியான பப்ஜி மொபைலை மத்திய அரசு 2020 செப்டம்பர் 2ஆம் தேதி தடை செய்தபோது, ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர்ப் பையன்களின் முகத்தில் எழவு வீட்டுக் களை தெரிந்தது. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் மறுபடி நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது.

முன்பின் தெரியாத நூறு பேர் ஒரே சமயத்தில் ஆடுகிறார்களே, பெருந்திரள் ஆட்டம் என்றால் இதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டம் முடிந்த கணத்தில் அந்தத் தீவே அழிந்துபோகிறது. நேற்று எரிந்த ஜீப் இன்று அதே இடத்தில் புத்தம் புதிதாக நிற்கிறது. நேற்று ஆடிய நூறு பேர் இன்று ஆடுகிற நூறு பேருக்கு எந்த நன்மையும் செய்யவில்லை, எந்தத் தீங்கும் செய்யவில்லை. இதை விளையாட்டு என்று மனதாரச் சொல்வேன், நல்ல விளையாட்டு என்றும் சொல்வேன். பெருந்திரள் என்பதற்கு வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று முதலில் முளைத்த இடத்தில் கூட்டமே கிடையாது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற ஆட்டம் அது. படம் கிடையாது, வெறும் எழுத்துதான். ஒரு அறையில் கிடக்கும் பொருளை நான் எடுத்துக்கொண்டால், பின்னால் வருகிறவருக்கு அது இல்லை. நான் என்னவோ அந்தச் சின்ன ஏற்பாட்டில்தான் எல்லாம் தொடங்கியது என்று நம்புகிறேன். 1997 செப்டம்பரில் வந்த அல்டிமா ஆன்லைன் அதையே ஆயிரக்கணக்கானவர்களுக்கு விரித்தது. அந்த உலகத்துக் காட்டில் புல் தின்னும் பிராணியும், அதைத் தின்னும் பிராணியுமாக ஒரு உணவுச் சங்கிலியையே வடிவமைத்து வைத்திருந்தார்கள். ஆட வந்தவர்களோ கண்ணில் பட்ட உயிரையெல்லாம் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். கடைசியில் அந்த ஏற்பாட்டையே கைவிட வேண்டியதாயிற்று.

முன்னால் இருப்பவர் எடுத்துக்கொண்டது பின்னால் இருப்பவருக்கு இல்லை என்பது தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பது வழக்கம். அது கல்லணைக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, கடைமடைக்குப் போய்ச் சேருவதற்குள் இன்னும் எத்தனையோ மதகுகள். ஒவ்வொரு மதகிலும் யாரோ ஒருவர் பலகையை ஏற்றியோ இறக்கியோ வைத்திருக்கிறார். அவரை நான் பார்த்ததே இல்லை. ராத்திரி நான் தூங்கும்போது அவர் செய்ததுதான் காலையில் என் வயலில் தெரிகிறது. நான் ஊரில் இல்லாவிட்டாலும் ஆறு ஓடிக்கொண்டிருக்கும். 2022இல் மே 24ஆம் தேதியே மேட்டூர் திறந்தது, குறுவைக்கு முன்கூட்டியே நாற்று விட்டார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஆற்றை நம்பியிருந்தவர்களுக்குக் குறுவை கைநழுவியது. இந்தத் தேதிகளில் எதையும் கடைமடைக்காரர் தீர்மானிக்கவில்லை. ஆனால் அவரும் ஆட்டத்தில் இருக்கிறார்.

ஆகவே என் கணக்கு இதுதான்: கண்ணால் பார்க்காத ஒருவர், நான் இல்லாத நேரத்தில் செய்த காரியம், அழியாமல் நின்று என் வழியில் குறுக்கிட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் சேரும்போது அது பெருந்திரள் ஆட்டம்.

ஆட்களின் எண்ணிக்கை பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதைச் சமாளிப்பது சர்வருக்குப் பெரும்பாடு. ஒரே இடத்தில் பத்துப் பேர் இருந்தால், ஒவ்வொருவர் அசைவையும் மற்ற ஒன்பது பேருக்கும் சொல்ல வேண்டும், அதாவது 90 தகவல்கள். ஆயிரம் பேர் கூடினால் பத்து லட்சத்தை நெருங்கிவிடும், அதுவும் நொடிக்குப் பல தடவை. பல நிறுவனங்கள் இதற்கு எளிய வழி கண்டன. 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஒரே உலகத்தைப் பல நகல்களாக எடுத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பேரைக் குடியமர்த்தியது.

ஐஸ்லாந்தில் உருவாகி 2003இல் வெளியான ஈவ் ஆன்லைன் அந்த வழிக்குப் போகவில்லை. சீனாவுக்கு மட்டும் தனி சர்வர், மற்ற நாட்டவர் எல்லோருக்கும் ஒரே விண்வெளி. 2014 ஜனவரி 27 அன்று அங்கே ஒரு கூட்டணி, தன் வசமிருந்த ஒரு நட்சத்திர மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தைத் தவறவிட்டது. உடனே எதிரணி நுழைந்தது. சுமார் 21 மணி நேரம் நடந்த சண்டையில் மொத்தம் 7,548 பேர் பங்கெடுத்தார்கள். அத்தனை பாரத்தைத் தாங்க சர்வர் செய்த காரியம் என் மனதுக்கு மிகவும் பிடித்தது. அது யாரையும் வெளியே தள்ளவில்லை. அந்தச் சண்டையில் இருந்த எல்லோருக்கும் சேர்த்து ஆட்டத்தின் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கிவிட்டது. வலுத்தவன், இளைத்தவன் எல்லோருடைய துப்பாக்கியும் ஒரே மாதிரி மெதுவாகத்தான் சுட்டது.

நம் பக்கம் இதற்கு முறை வைப்பது என்று பெயர். அணையில் இருப்பு குறைந்தால், இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று தண்ணீரை மாற்றி மாற்றி விடுவார்கள். முறை மீறி இரவில் மடை திறப்பவர்கள் உண்டு, அதனால் மண்வெட்டியோடு கரையில் காவல் இருப்பவர்களும் உண்டு. ஆனாலும் முறை என்ற ஒன்று இல்லாவிட்டால் தலைமடையோடு ஆறு முடிந்துபோகும். ஈவ் ஆன்லைனில் ஆட்டக்காரர்கள் 2008 முதல் தங்களுக்குள் வாக்களித்து ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மன்றம் நிறுவனத்திடம் ஆட்டக்காரர்களின் குறைகளைப் பேசுகிறது. ஒரே உலகத்தில் வெகுநாள் சேர்ந்து வாழ்ந்தால் வழக்கும் வரும், பஞ்சாயத்தும் வரும்.

இதையெல்லாம் கல்லூரியில் கணினி படிக்கும் என் அக்கா மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழில் அப்படி ஒரு ஆட்டம் வர வேண்டும் என்பது என் ஆசை. கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை ஒரே வரைபடம், நகல் கூடாது. குறுவை, சம்பா, தாளடி மூன்றும் உண்டு. மதகுகள் ஆட்டக்காரர்கள் கையில். ஒருவர் ஆட்டத்தை மூடிவிட்டுத் தூங்கினாலும் பயிர் வளரும், தண்ணீர் இல்லாவிட்டால் காயும். அவன் ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டுப் பார்த்தான். வெண்ணாற்றுக்குத் தனி சர்வர் வைத்தால் பாரம் குறையும் என்றான். அப்படிச் செய்தால் ஆட்டமே போச்சு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி மாமா, மேட்டூருக்கு மேலே யாரு ஆடுவா? கபினி, கேஆர்எஸ் எல்லாம் கம்பெனியே ஓட்டுமா?" என்று கேட்டான்.

கூடாது, மைசூர், மண்டியாவிலிருந்து ஆள் வர வேண்டும், அவர்களுக்கும் அங்கே நெல்லும் கரும்பும் இருக்க வேண்டும் என்றேன். "அப்ப கன்னடத்திலயும் எழுதணும்" என்று நோட்டில் குறித்துக்கொண்டான்.