அத்தியாவசியமற்ற பதினொன்று

கல்லூரியில் எங்களுக்கு உயிர்வேதியியல் எடுத்தவர் பாடத்தைவிடக் குறுக்குவழிகளை நம்புகிறவர். அத்தியாவசிய அமினோ அமிலங்களை நினைவில் வைக்க அவர் கொடுத்த மந்திரம் ‘பிவிடி டிம் ஹால்’. ஃபீனைல் அலனினுக்கு ‘பி’, வேலினுக்கு ‘வி’ என்று பத்து எழுத்து. கேட்டால் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் பெயர் போலிருக்கும். அந்தச் சிப்பாய்தான் என்னைப் பரீட்சையில் கரையேற்றினார். அப்புறம் வேறொரு பழைய புத்தகத்தைப் புரட்டினால் பத்து இல்லை, எட்டு என்று போட்டிருந்தது. இன்றைய புத்தகங்களில் ஒன்பது. புரதத்தைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் எவை சாப்பாட்டில் வந்தே ஆகவேண்டும் என்ற ஒரே கேள்விக்கு மூன்று விடை. மூன்றுக்கும் காரணம் இருக்கிறது.

பத்து என்பது எலியின் கணக்கு. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கம்மிங் ரோஸ், வளரும் எலிகளுக்குப் புரதமே கொடுக்காமல் அமினோ அமிலங்களைத் தனித்தனியாகக் கலந்து கொடுத்துப் பார்த்தார். அதுவரை தெரிந்த எல்லாவற்றையும் கொடுத்தும் எலிகள் தேறவில்லை. புரதத்தில் இன்னும் பிடிபடாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று தேடியதில் 1935-இல் கிடைத்ததுதான் திரியோனின். இருபதில் கடைசியாக அகப்பட்டது அது. கைவசம் எல்லாம் வந்துவிட்டதால் இனி ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம் அல்லவா?

எலிக்குப் பிறகு மாணவர்கள். 1942 முதல் ரோஸ் தன் ஆராய்ச்சி மாணவர்களையே சோதனைக்கு உட்காரவைத்தார். சோள ஸ்டார்ச், சர்க்கரை, வெண்ணெய்க் கொழுப்பு, சோள எண்ணெய், தாது உப்புகள், வைட்டமின்கள், அதோடு அளந்து வைத்த அமினோ அமிலங்கள். இவை போதாதென்று ஈரல் சாற்றைச் சுண்டவைத்து, சர்க்கரையும் பெப்பர்மின்ட் எண்ணெயும் சேர்த்துச் செய்த பழுப்பு நிற மிட்டாய் ஒன்று. பட்டம் வாங்க எதையெல்லாம் விழுங்கவேண்டியிருக்கிறது! உள்ளே போன நைட்ரஜனும் மலம், சிறுநீர் வழியே வெளியே வந்த நைட்ரஜனும் சமமாக இருக்கிறதா என்று தினமும் அளந்தார்கள். வேண்டிய ஒன்றை நிறுத்தினால் வெளியே வருவது கூடிவிடும்; உடம்பு தன் தசையையே கரைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பையன்களுக்குப் பசி போய்விடும், சோர்வு வரும், சிடுசிடுப்பார்கள். விட்டதைத் திரும்பக் கொடுத்தால் சரியாகிவிடும். இப்படிக் கிடைத்தது எட்டு. எலிக்கு வேண்டியிருந்த ஹிஸ்டிடின் இல்லாமல் அந்த இளைஞர்கள் சமாளித்துவிட்டார்கள். நெடுநாள் நிறுத்தினால் நமக்கும் முடியாது என்று பின்னால் தெரிந்து, அது ஒன்பதாவதாகச் சேர்ந்தது. ஆர்ஜினினை எலியின் உடம்பும் செய்துகொள்கிறது, ஆனால் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கும் வேகத்தில் இல்லை.

பூனையின் பட்டியல் வேறு. ஆர்ஜினின் அடியோடு இல்லாத ஒரே ஒரு வேளை உணவு போதும், சில மணி நேரத்தில் பூனை சுருண்டு விழுந்துவிடும். ரத்தத்தில் அம்மோனியா ஏறிவிடும். புரதத்தில் சேராத டாரின் என்ற அமினோ அமிலமும் அதற்குப் போதிய அளவு கிடைத்தாக வேண்டும், இல்லையென்றால் கண் கெடும். டாரின் இறைச்சியில் உண்டு, தயிர்சாதத்தில் தேடக்கூடாது. அக்கிரகாரத்துப் பூனைகள் எலி பிடிப்பதைக் குறும்பு என்று யாரும் திட்டவேண்டாம்.

ஆக, இந்தப் பட்டியல் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எதை உடம்பால் செய்துகொள்ள முடியாது அல்லது போதிய அளவு செய்துகொள்ள முடியாது. மிச்சம் பதினொன்றை உடம்பு தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த ஒரு குற்றத்துக்காக அவற்றை அத்தியாவசியமற்றவை என்று எழுதிவைத்திருக்கிறோம். உடம்புக்குள் போய்விட்டால் இந்தப் பிரிவினை செல்லாது. அங்கே செல்லுபடியாவது வேறு வகைப்பாடு: தண்ணீரோடு சேருவது எது, விலகுவது எது, மின்னூட்டம் உள்ளது எது, பருத்தது எது. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்று ஒன்று, 146 அமினோ அமிலங்கள் கோத்தது. அதில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு சேருவது, பட்டியல்படி அத்தியாவசியமற்றது. அந்த இடத்தில் அத்தியாவசியமான வேலின் வந்து உட்கார்ந்தால் அரிவாள் செல் ரத்தசோகை. வேலின் தண்ணீரை விட்டு விலகுவது. அதனால் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்டு, சிவப்பணுவையே வளைத்துவிடுகின்றன. இந்தியாவில் இந்த அரிவாள் செல் முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952-இல். ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதுதான் காரணம் என்று வெர்னான் இங்க்ரம் காட்டியது நாலு வருடம் கழித்து.

இதெல்லாம் என் அக்கா மகளிடம் எடுபடவில்லை. கொலாஜன் பொடி டப்பா ஒன்று வாங்கிவந்திருந்தாள். “ஒரு ஸ்கூப்ல பத்து கிராம் புரோட்டீன், மாமா. முட்டைல ஆறு கிராம்தான்” என்றாள். கணக்கு சரிதான். கிராம்தான் சரியில்லை.

டப்பாவில் போடும் அந்த கிராம் பெரும்பாலும் எப்படி வருகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் நிதானம் வரும். 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் ஒரு முறை கண்டுபிடித்தார். பொருளைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவிட்டு, அதிலுள்ள நைட்ரஜனை அளப்பது. புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், வந்த எண்ணை 6.25-ஆல் பெருக்கினால் புரதம். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்த முறை கேட்பதில்லை. 2008-இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமின் சேர்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. மெலமினில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் பால் கெட்டிப்பாலாகத் தேறியது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், சிறுநீரகத்தில் கல். ஆறு குழந்தைகள் இறந்தன.

கலப்படமே வேண்டாம், சுத்தமான புரதமே ஏமாற்றும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தாமஸ் ஆஸ்போர்னும் லஃபாயெட் மெண்டலும் எலிகளுக்கு மக்காச்சோளத்தின் ஸெயின் என்ற புரதத்தை மட்டும் கொடுத்தார்கள். எலிகள் இளைத்தன. டிரிப்டோஃபேன் சேர்த்ததும் இளைப்பது நின்றது, ஆனால் வளரவில்லை. லைசினும் சேர்த்த பிறகுதான் வளர்ந்தன. 1914-இல் வெளியான அந்த எடை வரைபடங்களை, புரதப்பொடி விளம்பரம் எழுதுகிறவர்கள் ஒருமுறை பார்க்கவேண்டும். பழைய அச்சகத்தில் எழுத்துப் பெட்டியில் ‘ற’ தீர்ந்துபோனால் ‘க’ எத்தனை குவிந்திருந்தும் பக்கம் முடியாது. திசுக்களில் புரதம் கோக்கப்படுவதும் அப்படித்தான். உபரியாக நிற்பதை நாளைக்கு என்று வைக்கக் கொழுப்புக்கு இருப்பது போல் கிடங்கு கிடையாது. உடம்பு அதிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து யூரியாவாக்கி வெளியே தள்ளிவிட்டு, மிச்சத்தை எரித்துவிடும்.

அரிசிக்கு அந்தத் தட்டுப்பாட்டு எழுத்து லைசின். நூறு கிராம் அரிசிப் புரதத்தில் லைசின் நாலு கிராம்கூடத் தேறாது. பெரியவர்களுக்கு நாலரை வேண்டும். உளுந்துப் புரதத்தில் ஆறுக்கு மேல். உளுந்தில் குறைவது கந்தகம் கொண்ட மெத்தியோனின், அது அரிசியில் போதுமான அளவு உண்டு. இட்லி, பொங்கல், அடை எல்லாம் இந்தக் கணக்கில் தேறுகின்றன. யாரும் இதைத் தெரிந்து செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ருசிக்காகத்தான் செய்திருப்பார்கள்.

கொலாஜனில் டிரிப்டோஃபேன் அறவே கிடையாது. புரதத்தின் தரத்தை அளக்கும் அளவுகோலில், அதை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் அதற்கு மதிப்பெண் பூஜ்ஜியம். தோல் மினுமினுக்குமா என்பது வேறு வழக்கு; எப்படியும் விழுங்கிய கொலாஜன் கொலாஜனாகவே கன்னத்துக்குப் போவதில்லை, குடலில் துண்டு துண்டாகிவிடுகிறது.

ஆனாலும் கொலாஜன் டப்பா சென்னையில் விற்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அதன் வடிவத்தைக் கண்டுபிடித்ததே இந்த ஊரில்தான். 1952-இல் முப்பது வயதுகூட ஆகாத ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். ஊருக்கு வந்த விஞ்ஞானி ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிர் என்று சொல்லிவிட்டுப் போனார். அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருந்தது. அங்கிருந்து வாங்கியதில் ஒன்று கங்காரு வாலின் தசைநாண். அதில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: மூன்று இழைகள் சேர்ந்த முறுக்கு. முறுக்கின் நடுவில் துளிகூட இடமில்லை. ஒவ்வொரு இழையிலும் மூன்றில் ஒன்று அந்த நெருக்கடிக்குள் திரும்பவேண்டும், பக்கக் கிளையாக வெறும் ஹைட்ரஜன் மட்டுமே உள்ள கிளைசினால்தான் அது முடியும். வேறு எது வந்தாலும் முறுக்கு கெடும். அப்படி ஒரு கிளைசினின் இடத்தில் வேறொன்று வந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, தூக்கி எடுத்தாலே எலும்பு முறியலாம். கிளைசின் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்தால், அத்தியாவசியமற்ற பதினொன்றில்.

என் கவலை இப்போது மற்ற ஒன்பதைப் பற்றி, அதுவும் அம்மாவுக்காக. எண்பதைத் தாண்டியவள். ராத்திரியில் ரசம் சாதம்தான் இறங்குகிறது, அதுவும் மேலாகத் தெளிந்த ரசம். பருப்பெல்லாம் மண்டியில் தங்கிவிடுகிறது, லைசினும் அதோடுதான். வயதானால் தசை தானாகவே கரையும். வெறும் சோற்றை வைத்து அதைத் தடுக்க முடியாது. அதனால் பருப்பைக் கொஞ்சம் கூட்டி, நன்றாக மசித்து, கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றுகிறேன். “குழம்பு மாதிரி இருக்குடா, ரசம்னா இப்படியா?” என்று திட்டிக்கொண்டேதான் சாப்பிடுகிறாள்.