சூளை ஆறும் வரை

ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸப் சத்தம் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. ஆபீஸ் குரூப்பில் யாரோ கட்டைவிரல் போட்டிருப்பார்கள். அதற்குள் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்திருக்கும்.

சென்னையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் இதற்கென்று ஒரு வகுப்பு வைத்தார்கள். கண்ணை மூடி, நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். பொய் சொல்லக் கூடாது, அது வேலை செய்கிறது. மூச்சை நிதானமாக விடும்போது இதயத் துடிப்பு இறங்குவது உடம்பின் இயல்பு. என்ன, வகுப்பை வைத்தது ஒரு சனிக்கிழமை. எங்களுக்கு லீவு நாள்.

கருவேப்பிலங்குறிச்சியில் எங்கள் வீட்டிலும் பதற்றத்துக்குப் பஞ்சமில்லை. சித்தப்பாவுக்கு விருத்தாசலத்தில் செராமிக் வேலை. பீங்கான் பொம்மை, பியூஸ் கேரியர் என்று சூளையில் அடுக்கிவிட்டால் மனுஷன் சரியாகச் சாப்பிட மாட்டார். சித்தி ஏதாவது கேட்டால் எரிந்து விழுவார். தீயை அணைத்த பிறகுதான் பயமே அதிகம். ஆறும்போது 573 டிகிரி பக்கத்தில் களிமண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் சரக்கு விரிசல் விட்டுவிடும். ஒரு லோடு போனால் நாலைந்து வீட்டுக் கூலியும் போச்சு. ஆனால் சூளை பிரித்த அன்றைக்கு, சரக்கு தேறினாலும் உடைந்தாலும், சித்தப்பா அடித்துப் போட்டதுபோலத் தூங்குவார்.

பொங்கல் லீவில் நான் லேப்டாப்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்ததை ரெண்டு நாள் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, உங்க சூளைய எப்பதான் பிரிப்பாங்க?”

எங்களுக்குப் பிரிக்கிற நாளே கிடையாது. ஒரு ரிலீஸ் முடியும் முன்பே அடுத்தது ஏறிவிடுகிறது. வேலை கூடக்குறைய இருப்பதைக்கூடத் தாங்கிவிடலாம். அது எப்போது முடியும் என்று தெரியாததுதான் என்னைத் தின்கிறது.

2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். மெரினா பக்கம் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி அப்போது சரியாக நூறு வருஷம். எங்கள் ஆபீஸில் யாரும் அதைப் பேசவில்லை. “அது ஃபேக்டரிக்காரங்க விஷயம்பா” என்றார் பக்கத்து சீட்டுக்காரர். அப்போது மணி ராத்திரி எட்டரை.

அடுத்த வருஷம் ஜூலையில் புனேயில் அன்னா செபாஸ்டியன் இறந்துபோனார். வயது 26. ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நாலே மாதம். வேலைப்பளுதான் காரணம் என்று அவருடைய அம்மா நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியே வந்தது. நிறுவனம் மறுத்தது. அந்தக் கடிதத்தை என் அம்மாவும் யூடியூபில் கேட்டுவிட்டு, “நீ ராத்திரி சாப்புடுறியாடி?” என்று மட்டும் கேட்டாள்.

போன மாதம் மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டேன். ஒன்பது மணிக்கு மேல் போனை அணைத்துவிடுவேன், அவசரம் என்றால் என் ரூம்மேட் நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று. அனுப்பும் முன் நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விட்டேன். “நோட்டட்” என்று பதில் வந்தது. இதுவரை ரூம்மேட்டுக்கு வந்த அழைப்பு ஒன்றே ஒன்று. அதுவும் காலையில் பார்த்திருக்கலாம்.